"படுக்கை இல்லை" என்பதை எழுதிக் கொடுங்கள்

1992 ஜூலை 8, இரவு ஏழே முக்கால் மணி. கொல்கத்தாவுக்குத் தெற்கே மதுராப்பூர் ஸ்டேஷனில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி, மூளைக்குள் ரத்தக்கசிவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்று பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். அவசரமாகச் சேர்க்க வேண்டிய நோயாளிதான், ஆனால் படுக்கை இல்லை. கல்கத்தா மெடிக்கல் காலேஜ், சம்புநாத் பண்டிட், நேஷனல் மெடிக்கல் காலேஜ், பங்கூர் நரம்பியல் நிலையம், எஸ்.எஸ்.கே.எம். என்று ராத்திரி தொடங்கி மறுநாள் வரை அந்த மனிதரை வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றினார்கள். ஓரிடத்தில் படுக்கை இல்லை, இன்னோரிடத்தில் அந்தப் பிரிவே இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனை சேர்த்துக்கொண்டது. பில் சுமார் 17,000 ரூபாய். அன்றைய கூலிக்காரருக்கு அது எத்தனை ஆண்டு சம்பாத்தியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த விவரமெல்லாம் நமக்குத் தெரிய வந்தது, அவர் உறுப்பினராக இருந்த பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி என்ற விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டதால்தான். 1996 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுத்தால், அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையையே மறுத்ததாகும் என்றது. பணமில்லை என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது என்றது. 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதோடு நிறுத்தவில்லை. எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்குப் படுக்கை காலியாக இருக்கிறது என்று ஓரிடத்திலிருந்தே அறிந்து, நோயாளியை நேராக அங்கே அனுப்புகிற மத்தியத் தகவல் ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது.

2024 அக்டோபர் 5 அன்று கொல்கத்தாவின் எஸ்பிளனேடில் இளம் டாக்டர்கள் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் சக மருத்துவர் வன்புணர்வுக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட கொடுமைக்கு நீதி கேட்ட போராட்டம் அது. அவர்களுடைய பத்துக் கோரிக்கைகளில் இரண்டைப் பாருங்கள். நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப மாநிலம் முழுக்க மத்திய ரெஃபரல் முறை வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் காலிப் படுக்கை எத்தனை என்று அந்தந்த நேரத்துக்குக் காட்டும் பலகை வேண்டும். உச்ச நீதிமன்றம் 28 ஆண்டுகளுக்கு முன்பே உத்தரவிட்டதைக் கேட்டு டாக்டர்கள் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது. அந்த மாதமே ரெஃபரல் முறையின் வெள்ளோட்டம் சோனார்ப்பூர் கிராமப்புற மருத்துவமனையில் தொடங்கியது. மதுராப்பூரிலிருந்து கொல்கத்தாவின் சியால்தாவுக்கு வரும் அதே ரயில் பாதையில்தான் சோனார்ப்பூரும் இருக்கிறது.

இந்த 28 ஆண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2012 முதல் அரசு மருத்துவமனை வளாகங்களில் நியாய விலை மருந்துக் கடைகள் வந்தன. பிறகு அரசு மருத்துவமனைகளில் படுக்கையும் மருந்தும் இலவசமாயின. 2016 டிசம்பரில் 'ஸ்வாஸ்த்ய சாத்தி' காப்பீடு தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை, கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம், பிரீமியமும் அரசே கட்டும். அட்டை வீட்டின் மூத்த பெண்மணி பெயரில் இருக்கும். அவருடைய பெற்றோரும் கணவரின் பெற்றோரும் அதே அட்டைக்குள் வருவார்கள். மகள் வீட்டு அட்டையில் அம்மாவுக்கும் இடம் உண்டு என்பதை இந்தியாவில் எத்தனை திட்டங்கள் யோசித்திருக்கின்றன? 2020 டிசம்பரில் வேறு அரசுக் காப்பீடு இல்லாத எல்லாக் குடும்பங்களுக்கும் அதை விரித்தார்கள். இரண்டு கோடியே நாற்பது லட்சம் குடும்பங்களுக்கு மேல் அட்டை பெற்றிருப்பதாக மாநில அரசின் கணக்கு. இது பெரிய காரியம். அட்டையால் பிழைத்தவர்களை கொல்கத்தாவின் எந்தப் பேட்டையிலும் பார்க்கலாம்.

எனக்குள்ள மனக்குறை, அட்டைக்கும் படுக்கைக்கும் நடுவே இருக்கிற அட்மிஷன் கவுண்டரைப் பற்றியது. சுகாதாரக் கொள்கை சால்ட் லேக்கில், மாநிலச் சுகாதாரத் துறைத் தலைமையகமான ஸ்வாஸ்த்ய பவனில் மாறுகிறது, டெல்லியில் மாறுகிறது. மாறிய செய்தி நோயாளிக்குத் தெரிய வருவதோ இந்தக் கவுண்டரில்தான். அதுவும் வாய்மொழியாக.

2021 அக்டோபரில், அரசு மருத்துவமனையில் சேரவும் ஸ்வாஸ்த்ய சாத்தி அட்டையோ அதற்கு ஈடான வேறொரு காப்பீட்டு அட்டையோ காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. இல்லாதவருக்கு அங்கேயே அட்டை போட்டுக் கொடுப்பார்கள் என்றும் அதில் சொல்லியிருந்தது. நோக்கம் கணக்கு வைப்பதுதான். ஆனால் வயிற்று வலியோடு வந்தவரின் மகன் முதலில் ஓட வேண்டிய இடம் டாக்டரிடமா, அட்டை போடுகிற மேஜைக்கா? அடுத்த ஆண்டுகளில், எலும்பு அறுவை சிகிச்சைகளுக்குத் தனியார் மருத்துவமனையில் அட்டை செல்லாது, விபத்தில் அடிபட்டவர்களுக்கு விதிவிலக்கு, மற்றவர்கள் அரசு மருத்துவமனையில்தான் செய்துகொள்ள வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. பொதுப்பணம் தேவையில்லாத ஆபரேஷன்களுக்குப் போவதைத் தடுக்க வேண்டும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் அரசு மருத்துவமனையில் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வரிசை எவ்வளவு நீளம் என்பது அங்கே பெயர் எழுதிவைத்தவர்களுக்குத்தான் தெரியும். வரிசையைக் குறைக்காமல் கதவை அடைத்தால், முட்டி தேய்ந்த அம்மா வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்.

தனியார் பக்கம் போனால் வேறொரு பேச்சு. பெட் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். ஸ்வாஸ்த்ய சாத்தி என்று சொன்னதும் அந்த பெட் காணாமல் போய்விடும். "கார்டுக்கு உள்ள பெட் நிரம்பிவிட்டது" என்பது தனியார் மருத்துவமனைகள் நிறைந்த ஈ.எம். பைபாஸ் வழியாக அலைந்த எல்லாருக்கும் தெரிந்த பதில். அட்டையை மறுக்கக் கூடாது, மறுத்தால் உரிமத்துக்கே ஆபத்து என்று மாநில அரசு பலமுறை எச்சரித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியார் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்த ஓர் ஆணையமும் இருக்கிறது. அது மருத்துவமனைகளுக்கு அபராதம் போட்டும் இருக்கிறது, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லியும் இருக்கிறது. ஆனால் ஆணையத்திடம் போகிறவர் கையில் ஆதாரமாக என்ன இருக்கும்? சேர்த்துக்கொண்ட மருத்துவமனைக்கு எதிராகப் பில் இருக்கும். சேர்த்துக்கொள்ளாத மருத்துவமனைக்கு எதிராக ஒரு துண்டுச் சீட்டுக்கூட இருக்காது.

மருத்துவமனைகளின் வாதத்தையும் கேட்க வேண்டும். அரசு நிர்ணயித்த கட்டணம் செலவுக்கே கட்டவில்லை, போட்ட பில்லுக்குப் பணம் வர மாதக்கணக்காகிறது என்று கிழக்கிந்திய மருத்துவமனைகளின் சங்கம் தொடர்ந்து சொல்லி வருகிறது. நகரத்துப் பெரிய நிறுவனங்கள் இதைத் தாங்கும். மாவட்ட ஊர்களில் இருபது படுக்கை வைத்திருக்கும் நர்சிங் ஹோம் தாங்காது. அரசு பணத்தை இழுத்தடிக்கும்போது, மருத்துவமனை அந்தக் கோபத்தை நோயாளி மேல் இறக்குகிறது. கடன்பட்டவர் ஒருவர், வசூல் செய்யப்படுபவர் வேறொருவர்.

மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த சண்டையிலும் இதே கதைதான். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் வந்தது. மேற்கு வங்கம் முதலில் சேர்ந்து, 2019 ஜனவரியில் விலகியது. செலவில் 40 சதவீதம் மாநிலம் கொடுக்கும்போது வீடுகளுக்குப் போகும் கடிதங்களில் பிரதமர் படம் மட்டும் எப்படி என்பது அன்றைய முதல்வர் மம்தா பானர்ஜியின் கேள்வி. 2024 அக்டோபரில் எழுபது வயது நிரம்பிய எல்லாருக்கும் வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் காப்பீடு என்று விரித்தபோது, டெல்லியிலும் வங்கத்திலும் உள்ள முதியவர்களுக்குத் தன்னால் உதவ முடியவில்லை என்று பிரதமர் மேடையில் மன்னிப்புக் கேட்டார். 2025 முற்பாதியில் ஒடிசா சேர்ந்தது, டெல்லியும் சேர்ந்தது. அப்போதும் வங்கம் வெளியேதான் நின்றது. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் தாத்தா பாட்டிகளும் அப்படி விடுபட்டவர்களில் அடக்கம். புவனேஸ்வரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அட்டை அங்கே ராஷ்பிஹாரி அவென்யூவில் இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதனால் அதிகம் இழந்தவர்கள் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள். ஆயுஷ்மான் அட்டை ஒரு மாநிலத்தில் வாங்கினால் பட்டியலில் உள்ள பிற மாநில மருத்துவமனைகளிலும் செல்லும். ஸ்வாஸ்த்ய சாத்தி வங்கத்துக்கு வெளியே மிகச் சில இடங்களில்தான் செல்லும். முர்ஷிதாபாத்திலிருந்தும் மால்டாவிலிருந்தும் வந்து நம் ஊர்களில் கட்டட வேலை செய்கிறவர் சாரத்திலிருந்து விழுந்தால், ஊரில் மனைவியின் பெட்டியில் இருக்கும் 5 லட்ச ரூபாய் அட்டை அவருக்கு எப்படிப் பயன்படும்?

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. தமிழ்நாட்டிலேயே இருந்தது. 2009இல் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறிய நம் மாநிலத் திட்டம், 2018இல் ஆயுஷ்மானோடு இணைந்தபோது தன் பெயரையும் தன் பயனாளிகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசியலில் எதிரெதிரே நின்ற கட்சிகள் மாறி மாறி ஆண்டும் அந்த இணைப்பு அப்படியே தொடர்ந்தது. இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டிலும் காப்பீட்டு அட்டையைப் பார்த்ததும் முகம் மாறும் மருத்துவமனைகள் உண்டு. ஆனால் யார் படம் அச்சடிப்பது என்ற தகராறில் நோயாளியின் அட்டை பறிபோகவில்லை.

வேலூருக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை என்று பலகைகளெல்லாம் வங்காள மொழியில் இருக்கும். அந்த மக்கள் காட்பாடியிலும் சென்னையிலும் இறங்குவது சுற்றுலாவுக்காக இல்லை. 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸில் இருந்தவர்களில் வேலைக்கு வந்த தொழிலாளர்களோடு சிகிச்சைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். 1835இல் மெடிக்கல் காலேஜ் தொடங்கிய நகரம் கொல்கத்தா. அங்கிருந்து 1,600 கிலோமீட்டர் தாண்டி வருகிறார்கள் என்றால், அங்கே கவுண்டரில் என்ன பதில் கிடைத்தது என்று நாம் கேட்க வேண்டாமா? வேலூரில் ஸ்வாஸ்த்ய சாத்தி செல்லும் என்று மாநில அரசு அறிவித்ததுண்டு. ஆனால் அட்டை உள்நோயாளிச் செலவுக்குத்தான். புறநோயாளியாகக் காத்திருக்கும் நாட்களின் லாட்ஜ் வாடகையும், ஸ்கேனும், கூட வந்தவரின் சாப்பாடும் கைக்காசு. மாடு விற்ற பணமாகவோ வட்டிப் பணமாகவோ அது இருக்கும்.

மீண்டும் கொல்கத்தாவுக்கு வருவோம். ஆர்.ஜி. கர் போராட்டக் காலத்தில் டாக்டர்கள் பணிக்கு வராததால் 29 பேர் இறந்ததாக மாநில அரசு சொன்னது, தலா 2 லட்ச ரூபாய் தருவதாகவும் அறிவித்தது. மூத்த டாக்டர்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள் என்று இளம் டாக்டர்கள் மறுத்தார்கள். எது உண்மை என்று நிறுவ வழியில்லை. இறந்தவர் எத்தனை மணிக்கு வந்தார், யார் பார்த்தார்கள், ஏன் அனுப்பினார்கள் என்ற பதிவு ஒவ்வொருவருக்கும் இருந்திருந்தால் இப்படி எண்ணைத் தூக்கி எறிந்து சண்டை போட வேண்டியிருக்காது. போராட்டம் இல்லாத சாதாரண நாட்களில் கவுண்டரிலிருந்து திரும்பிப் போய் இறந்தவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

ஆகவே நான் முதலில் கேட்பது ஒரு தாள். நோயாளியைச் சேர்க்க முடியாது என்று சொல்கிற எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வந்த நேரம், பார்த்த டாக்டர் பெயர், நோயாளியின் நிலை, கொடுத்த முதலுதவி, மறுத்த காரணம், எங்கே அனுப்புகிறார்கள், அங்கே ஒப்புக்கொண்டவர் யார். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். புதுக் கட்டடம் வேண்டாம், புதுப் பணியிடம் வேண்டாம். அரசு மருத்துவமனைகளுக்குச் சுகாதாரத் துறையும் தனியாருக்கு ஆணையமும் உத்தரவிட்டால் போதும். எழுதிக் கொடுக்கச் சொல்லும்போதே பாதி "பெட் இல்லை" பெட்டாக மாறிவிடும் என்பது என் நம்பிக்கை. மீதிப் பாதி நிஜமான பற்றாக்குறை. அது எந்தப் பிரிவில், எந்த மருத்துவமனையில், எந்த நேரத்தில் என்று அந்தத் தாள்களே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, விதி மாறும் நாள். கீமோ பாதியில் இருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர் ஆகியோருக்கு எந்தப் புது உத்தரவும் பொருந்தக் கூடாது. தொடங்கிய விதிப்படியே அவர்கள் சிகிச்சை முடிய வேண்டும். கொல்கத்தாவில் எந்தக் கட்சி ஆண்டாலும், அட்டையில் எந்தத் திட்டத்தின் பெயர் இருந்தாலும் இது பொருந்தும். ஆயுஷ்மானின் அடிப்படைப் பட்டியல் 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. ஸ்வாஸ்த்ய சாத்தியில் அந்த வரம்பு இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலோ இரண்டையும் இணைத்தாலோ, அந்தப் பழைய பட்டியலில் இல்லாத டாக்ஸி டிரைவரும் வீட்டு வேலை செய்பவரும் நடுவில் விழுந்துவிடக் கூடாது. இரண்டு திட்டங்களில் எது பெரிதோ அந்த அளவுக்கு எல்லாருக்கும் காப்பீடு இருக்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்குச் சேர வேண்டிய பணத்தை இத்தனை நாளுக்குள் தருவோம் என்று அரசு தேதி சொல்லி, நிலுவையை மாதந்தோறும் வெளியிட வேண்டும். அதன் பிறகும் அட்டையை மறுக்கிறவருக்குச் சாக்கு இருக்காது. சோனார்ப்பூரில் தொடங்கிய ரெஃபரல் முறையில் காலிப் படுக்கை எண்ணிக்கை டாக்டரின் கணினியோடு நிற்காமல், எமர்ஜென்சி வாசலில் வங்காள மொழியிலும் இந்தியிலும் உருதுவிலும் ஓட வேண்டும். அந்த எண் வெளியே தெரிந்தால், படுக்கை வாங்கித் தருகிறேன் என்று மருத்துவமனை வாசலில் காசு பிடுங்கும் தரகர்களுக்கு விற்க எதுவும் இருக்காது.

இதைப் படிக்கிறவர்களில் கொல்கத்தாவில் உள்ள தமிழர்களும் இருப்பீர்கள், வேலூரில் வங்காளிகளுக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் இருப்பீர்கள். நோயாளியோடு போகும்போது இல்லை என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் நேரத்தையும், கவுண்டர் எண்ணையும், சொன்ன வார்த்தையையும் நீங்களே குறித்து, தனியார் என்றால் ஆணையத்துக்கும், அரசு மருத்துவமனை என்றால் அதன் கண்காணிப்பாளருக்கும் ஸ்வாஸ்த்ய பவனுக்கும் அன்றைக்கே அனுப்புங்கள். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். அது இன்னும் சட்டமாகத்தான் இருக்கிறது.