யாருப்பா அங்கே நம்மளைப் பார்க்குறது?

போன வாரம் நான் வாங்கின மெகா பல்பு பத்தி உங்ககிட்ட சொல்லியே ஆகணும்.

இன்ஜின் லேப்ல என் பேட்ச் பொண்ணு, "ரெக்கார்டுல சைன் வாங்கியாச்சு, வாடா டீ சாப்பிடலாம்"னு கூப்பிட்டா. மூணு வருஷமா நான் காத்திருந்த டீ அது!

கேன்டீனுக்குள்ள நுழைஞ்சதுமே உதறல். மூலை டேபிள்ல எங்க கிளாஸ் பசங்க, ஜன்னலோரம் சீனியர்ஸ், கல்லாவுல அண்ணன். எல்லாரும் என்னையே பார்க்குற மாதிரி இருந்தது. சட்டையில கிரீஸ் கறை வேற! ஒரு கையால அதை மறைச்சுக்கிட்டு இன்னொரு கையில டம்ளரைப் பிடிச்சா, டீ தளும்புது. அவ என்னமோ சொல்லிட்டே இருந்தா. நான் "ம்... ம்..."னு தலையை ஆட்டினேன். பத்தே நிமிஷம். "பேசப் பிடிக்கலைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல"னு எழுந்து போயிட்டா.

ராத்திரி ஹாஸ்டல்ல பசங்க ஓட்டித் தள்ளப் போறாங்கன்னு பயந்துட்டே போனா, ஒருத்தனும் வாயைத் திறக்கலை. நானே மெதுவா ஆரம்பிச்சேன். "நீ கேன்டீன் வந்தியா மச்சி? நாங்க அரியர் டென்ஷன்ல இருந்தோம்"னான் ஒருத்தன். பார்த்தேன்னு சொன்ன இன்னொருத்தனும், "எந்தக் கறை?"ங்கிறான்!

இதுக்கு சைக்காலஜியில 'ஸ்பாட்லைட் எஃபெக்ட்'னு பேரு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துல தாமஸ் கிலோவிச் குழுவினர் செஞ்ச ஆய்வு 2000-ல வெளியாச்சு. பாடகர் பேரி மனிலோ படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு (அங்கே காலேஜ் பசங்களுக்கு அது மானம் போற விஷயம்!), மத்த மாணவர்கள் இருந்த ரூமுக்குள்ள ஒருத்தரை அனுப்பினாங்க. படத்துல யாருன்னு பாதிப் பேராவது கவனிச்சிருப்பாங்கன்னு போட்டவங்க நினைச்சாங்க. நிஜத்துல கவனிச்சது கால்வாசிப் பேர்தான். நம்ம கறை நம்ம மனசை அடைச்சுக்கிட்டு நிக்குது. அடுத்தவன் மனசுல அவனோட அரியர் நிக்குது. அவ்வளவுதான் மேட்டர்.

ஆனா கால்வாசிப் பேர் பார்க்கத்தான் செய்றாங்க. நம்ம ஊர்ல பையனும் பொண்ணும் சேர்ந்து டீ குடிச்சா நாலு பேர் பேசவும் செய்வாங்க. அந்தப் பேச்சு என்னைவிட அவளைத்தான் அதிகம் சுடும். அது தெரிஞ்சும் அவ கூப்பிட்டா. நானோ டேபிள் டேபிளா கண்ணை ஓட்டிட்டிருந்தேன்.

நேத்து லேப்ல போய் ஸாரி கேட்டேன். டி-ஷர்ட் கதையையும் சொன்னேன். அவ சிரிக்கலை. "அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டா. முழிச்சேன். "எங்கப்பாவுக்கு வேலை போயிடுச்சுன்னு சொன்னேன்டா."

கறையை யாரும் பார்க்கலை. ஆனா நான் கேட்கலைங்கிறதை ஒருத்தி பார்த்துட்டா.

இந்த தடவை டீக்கு நான் கூப்பிட்டிருக்கேன். "பார்க்கலாம்"னு சொல்லியிருக்கா. உங்களுக்கும் அந்த உதறல் வந்தா, எதிர்ல இருக்கிறவங்க கடைசியா சொன்னதை வெச்சு ஒரு கேள்வி கேளுங்க. கேள்வி கேட்கணும்னா காது கொடுத்தே ஆகணும். கேன்டீன் தானா மறந்துபோகும்.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!