வண்டு ஏறுது கப்பலில், நட்டம் ஏறுது நம்ம தலையில்!



கடலைக்கு ஏன் விலை இல்லைன்னு கேட்டா, "பூச்சி இருக்காம், வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டேங்கிறான்" என்று வியாபாரி கையை விரிக்கிறார். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 2015-ல் வியட்நாம் நாடு இந்தியக் கடலையையும் புளியையும் இறக்கக் கூடாது என்று நிறுத்தியது. சரக்கில் வண்டு! 2016 ஜனவரியில்தான் கடலைக்குத் தடை நீங்கியது.

இந்த வண்டு கடலை ஓட்டின் மேல் முட்டை வைக்கும். புழு ஓட்டைத் துளைத்துப் பருப்பைத் தின்னும். இதற்குத் தாய்வீடு புளியங்கொட்டை. நம்ம வருசநாட்டுப் பக்கம் புளியும் கடலையும் ஒரே கூரையடியில்தான் கிடக்கிறது. வேறு இடம் எங்கே இருக்கு?

வெளிநாடு போகும் தானியம், விதைகளை மத்திய அரசின் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி பார்த்து, பூச்சி நோய் இல்லை என்று சான்று தர வேண்டும். தூத்துக்குடியிலும் சென்னையிலும் அதற்கு நிலையம் உண்டு. வாங்கும் நாடு கேட்டால் மருந்துப் புகையும் போட வேண்டும். இந்தச் சட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. 2003 உத்தரவுப்படி நம் அரசும் வெளிநாட்டுப் பருப்பை அப்படித்தான் சோதிக்கிறது. 2008-ல் கோவையில் தலைகாட்டிய வெளிநாட்டு மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளியை என்ன பாடு படுத்தியது என்று மறந்துவிட்டோமா?

நம்ம கேள்வி வேறு. சான்று ஏற்றுமதியாளர் பேரில். நல்ல விலை கிடைத்தால் லாபமும் அவருக்கே. சரக்கு திரும்பினால் மட்டும் "பூச்சிக் கழிவு" என்று நம்ம எடையில் வெட்டுவதா? துறைமுகத்தில் பார்க்கிற பூச்சியை ஊர்க் களத்திலேயே பார்த்தால் இந்த வம்பு ஏது?

ஆகவே கேட்கிறோம்:

1. கடமலை-மயிலாடும்பாறை ஒன்றியத்தில் ஊருக்கு ஊர் சிமெண்ட் களமும், கடலைக்கும் புளிக்கும் தனித்தனிக் கிட்டங்கியும் வேண்டும்.

2. ஈரப்பதம், பூச்சி இரண்டையும் வேளாண்மைத் துறை ஊரிலேயே இலவசமாகப் பார்த்துச் சீட்டுத் தர வேண்டும்.

3. கழிவு பிடிக்கும் வியாபாரி காரணத்தையும் எடையையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நம்ம பங்குக்கும் வேலை இருக்கு. காயை ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இல்லாமல் நல்லாக் காய வையுங்கள். பழைய சாக்கை உதறி வெயிலில் போடுங்கள். புளி மூட்டைப் பக்கத்தில் கடலையை அடுக்காதீர்கள். நம்ம சரக்கு சுத்தமா இருந்தா, கழிவு கேட்கிறவனுக்கு வாய் ஏது?

மனுவில் கையெழுத்துப் போடுங்கள்! வீட்டுக்கு ஒருவர் திரண்டு வாருங்கள்!

சுத்தமான சரக்குக்கு வெட்டு இல்லாத விலை கொடு!