வெள்ளம் பார்த்த வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் "எவ்வளவு குறைச்சுக் கேட்கலாம் சார்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சென்னை அடையாறில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு இந்த வண்டி எங்கே நின்றது? அதற்குப் பிறகு வந்த வண்டியென்றால், 2023 டிசம்பரில் எங்கே நின்றது?

செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசு கணக்குச் சொன்ன அந்த 2015 வெள்ளத்தில் ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றங்கரை நெடுக, தரைத்தளத்தில் நின்ற கார்கள் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனதை ஊரே பார்த்தது. அவை எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று கணக்கு முடித்த வண்டிகூட ஏலத்தில் கைமாறி, கழுவித் துடைத்து, புது சீட் கவரோடு திரும்ப வரும். 'டிஎன் 07, சிங்கிள் ஓனர்' என்றால் இங்கே ஒரு மதிப்பு உண்டு. ஆனால் திருவான்மியூர் ஆர்.டி.ஓ. பதிவு தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது.

தண்ணீர் புகுந்த இன்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம். வயரிங், கனெக்டர், ஏர்பேக் இவற்றுக்குள் போன ஈரம்தான் ஒன்றிரண்டு வருடம் கழித்து வேலையைக் காட்டும். அதனால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தப் பள்ளத்தைத் தடவுங்கள். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு, கார்பெட்டுக்கு அடியில் வண்டல், அளவுக்கு மீறின வாசனைத் திரவியம் எல்லாமே தடயம்தான்.

பலர் கேட்காமல் விடுகிற சாட்சி பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி. க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற நோ க்ளெய்ம் போனஸ், க்ளெய்ம் வாங்கினால் வழக்கமாகப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். வெள்ளத்துக்கு அடுத்து வந்த புதுப்பிப்பில் அது இறங்கியிருந்தால் காரணம் கேளுங்கள். போனஸைக் காக்கும் தனி ஏற்பாடும் உண்டு. எனவே சர்வீஸ் சென்டர் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிலோமீட்டரைக் குறைத்திருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 2001இல் நோபல் பரிசு பெற்றார். நல்ல வண்டி எது, மோசமான வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது அவர் எல்லாவற்றுக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மோசமானவையே மிஞ்சும். கட்டுரை வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அகர்லாஃப் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர். அரிசியின் நிறத்திலேயே கல்லைத் தேடிக் கலக்கும் நம் கடைத்தெருவும், அதைப் பொறுக்கியாக வேண்டிய இல்லத்தரசியும் அந்தக் கட்டுரையில் இருக்கிறார்கள். ஒருவர் வெள்ளத்தை மறைத்து விற்றால், காந்தி நகரில் வண்டியைப் பிள்ளைபோல் வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் சேர்த்துத்தான் விலை குறைகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம்.

இனி விலை. "எட்டு லட்சம் கொடுத்து வாங்கினேன்" என்பது கணக்கில் வராது. அதே மாடல் இன்று புதிதாக என்ன விலை என்பதே தொடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததால் பழைய வண்டிகளின் மதிப்பும் இறங்கித்தான் ஆக வேண்டும். இன்ஷூரன்ஸ் கணக்கில் மூன்றாம் வருடத்தில் 30 சதவீதம், ஐந்தாம் வருடத்தில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். நன்றாகப் பராமரித்த வண்டி அதைவிட மேலே போகலாம். ஆனால் பேச்சைத் தொடங்க அது நியாயமான இடம். பிறகு டயர், பேட்டரி, பதினைந்து வருடத்தை நெருங்கினால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவு என்று ஒவ்வொன்றையும் காரணம் சொல்லிக் குறையுங்கள். காரணம் இல்லாமல் ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்பது நேர்மையான விற்பனையாளரை அவமதிப்பது.

விற்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். வண்டிக்குள் தண்ணீர் வந்திருந்தால் எந்த வருடம், எதுவரை ஏறியது, என்னென்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பில்களோடு ஆர்.சி.யுடன் சேர்த்துக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும். அந்தத் தாளைக் கொடுப்பவரிடம், வாங்குபவர்களே, அதற்கு மேல் பேரம் பேசாதீர்கள்.