பெரியப்பாவுக்கு ஒரு புகைச் சோடா

தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. இந்த வாரம் பலகாரம் பற்றி எழுதச் சொன்னார்கள். முறுக்கைப் பற்றிப் பேச நம் வீடுகளில் ஆளுக்கொரு நிபுணர் உண்டு. நான் எழுதினால் என் அம்மாவே பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் போடுவார். அதனால் குடிக்கிற சமாச்சாரம் எழுதுகிறேன். பயப்படாதீர்கள், போதை இல்லாத சமாச்சாரம்தான்.

எனக்கு ஊர் சுங்கை சிப்புட். வேலை கோலாலம்பூரில், வானொலியில். தலைநகரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் "துன் சம்பந்தன் ஊரா?" என்பார்கள். என் வயதுக்காரர்கள் "ஈப்போவுக்கு முன்னாலயா, தாண்டியா?" என்று கேட்பார்கள். தாண்டித்தான், கோலகங்சார் போகிற வழியில். ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின நாள் இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு விடியற்காலையில் எண்ணெய் தேய்க்கிற நேரத்துக்கு வீட்டில் இருப்பேன்.

எங்கள் வீட்டுத் தீபாவளியில் மூன்று நாடுகள் உண்டு. அடுப்படி பெண்கள் நாடு. வரவேற்பறை பிள்ளைகள் நாடு. வீட்டுக்குப் பின்னால், கூடாரத்துக்குக் கீழே, ஐஸ் பெட்டியைச் சுற்றி நாற்காலி போட்டிருப்பது ஆண்கள் நாடு. என் சின்ன வயதில் பிள்ளைகள் நாட்டுக்குப் பெட்டி பெட்டியாக எப் அண்ட் என் ஆரஞ்சும் ஐஸ்கிரீம் சோடாவும் கண்ணாடிப் புட்டிகளில் வந்து இறங்கும். சிங்கப்பூரில் 1883இல் சோடா தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி அது. அதன் சோடா இல்லாமல் இந்த நாட்டில் பல குடும்பங்களுக்குப் பெருநாள் வந்ததில்லை. பின்னால் இருக்கும் ஐஸ் பெட்டியில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியப்பா அந்தக் கூடாரத்தின் ராஜா. பழைய தோட்டக் கதைகள், பாட்டு, கேலி எல்லாம் அவரிடமிருந்துதான் வரும். மூன்று வருடத்துக்கு முன் டாக்டர் கல்லீரலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் குடியை விட்டார். ஒரே நாளில் அல்ல. இரண்டு முறை விட்டு, இரண்டு முறை தொடங்கி, மூன்றாவது முறை விட்டார். எல்லோரும் பாராட்டினோம். அதற்கப்புறம் வந்த தீபாவளிக்குப் பதினோரு மணிக்கு வந்து பிள்ளைகளுக்கு அங்பாவ் கொடுத்தார், சாப்பிட்டார், தூக்கம் வருகிறது என்று பன்னிரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார். மறு வருடமும் அப்படித்தான். காரணத்தைப் பெரியம்மா எனக்குப் போனில் சொன்னார். "எல்லாரும் கையில கிளாஸ் வச்சிருக்கையில, இவரு மட்டும் சின்னப் புள்ளைங்களோட பாக்கெட் தண்ணிய உறிஞ்சிக்கிட்டு உக்காரணுமான்னு கேக்குறாரும்மா."

அந்த வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. குடியை விடச் சொல்ல நம்மிடம் நூறு பேர் இருக்கிறார்கள். விட்ட பிறகு அந்த மனிதர் கையில் எதைக் கொடுப்பது என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. மினரல் தண்ணீர், பாக்கெட் கிரிசாந்தமம், இல்லாவிட்டால் 'சுகர் இருக்கா?' என்ற கேள்வியோடு ஒரு தேத்தண்ணி.

பெரியப்பாவுக்குப் பால்மரத் தோட்டத்து 'ஸ்டோரில்' வேலை. வெட்டிக் கொண்டுவந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, பார்மிக் ஆசிட் விட்டு உறைய வைப்பார்கள். மறுநாள் அதை மிசினில் கொடுத்துத் தகடாக உருட்டி, 'ஸ்மோக் அவுஸில்' மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகு மூட்டி நாலைந்து நாள் புகை போடுவார்கள். சூடு 60 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது. வெள்ளையாகப் போன சீட்டு தேன் நிறத்தில் வெளியே வரும். பாதி வாழ்க்கையை அந்தப் புகையில் கழித்தவர் அவர். புகையும் பாலும் சேர்ந்த ஒரு சோடா செய்து கொடுத்தால் என்ன என்ற யோசனை எனக்கு அங்கிருந்துதான் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால், கோலாலம்பூரில் ஒரு கடையில் கண்ணாடிக் கவிழ்ப்புக்குள் புகையை அடைத்து 28 வெள்ளிக்கு ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். வீட்டில் செய்தால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் முயற்சி சார்சியில். சார்சிக்கு நம் வீடுகளில் ஒரு மருத்துவ மரியாதை உண்டு. உடம்பு சூடு என்றால் உப்புப் போட்டுக் கொடுப்பார்கள். ஏ அண்ட் டபள்யூ 1963இல் இங்கே வந்ததிலிருந்து இதன் சொந்தக்காரச் சோடாவில் ஐஸ்கிரீம் மிதக்க விட்டுக் குடித்த தலைமுறைகளும் உண்டு. அந்தத் தைரியத்தில் சார்சியில் பாலை ஊற்றினேன். இரண்டு நிமிடத்தில் திரி திரியாகப் பிரிந்து, கிளாஸின் அடியில் அழுக்குத் தண்ணீரும் மேலே பஞ்சுமாக நின்றது. எட்டிப் பார்த்த பெரியப்பா சிரித்துவிட்டார்.

"படிச்ச புள்ளதானே நீ? பால்ல ஆசிட் ஊத்தினா உறையாம என்ன செய்யும்? இத வச்சுத்தானே நான் முப்பது வருசம் சம்பளம் வாங்கினேன்!"

அவர் சொன்னது அப்படியே சரி. பாலின் புளிப்பு அளவு, அதாவது பி.எச்., 4.6 பக்கம் இறங்கினால் அதிலுள்ள கேசின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கோலா, சார்சி மாதிரி பானங்களில் சிட்ரிக், பாஸ்பாரிக் போன்ற அமிலங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். வெறும் சோடாவில் இருப்பது கரியமில வாயு தண்ணீரில் கரைந்து உண்டான கார்பானிக் அமிலம் மட்டும்தான். அது பலவீனமானது, கொஞ்சம் பால் விழுந்தாலே அடங்கிவிடும். ஆகவே வெறும் சோடாதான் நமக்கு. பச்சைப் பாலைவிட டின்னில் வரும் கெட்டிப் பால், இனிப்பில்லாத எவாபரேட்டட் பால், இன்னும் நன்றாகத் தாங்குகிறது. தேங்காய்ப் பாலும் போட்டுப் பார்த்தேன். ருசி பிரமாதம், ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சரக்கு. ஐஸ் பட்டதும் மெழுகுத் துணுக்குகளாக மிதந்தது. கைவிட்டேன்.

இனிப்புக்குக் குலா மலாக்கா. இதை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் நீரை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிறது. உடனே விறகடுப்பில் ஏற்றிக் காய்ச்சினால் குலா மலாக்கா. ஒரே மரம், ஒரே நீர். தோட்டங்களில் ஒரு காலத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்த மாதிரி கள்ளுக்கடையும் இருந்தது. சம்பள நாளில் ஒரு கையில் கொடுத்த கூலியை இன்னொரு கையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. 1947இல் கெடாவின் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் அந்தக் கடைகளுக்கு எதிராக மறியல் செய்தார்கள். போலீஸோடு மோதலில் போய் முடிந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் கள்ளுக்கடைகள் போய், மலிவான சம்சு வந்தது. எங்கள் லயத்தில் எத்தனை வீட்டு ரேடியோவும் நகையும் அதில் கரைந்தன என்று அம்மா எண்ணிச் சொல்வார்.

சரி, செய்முறை. ஐந்து கிளாஸுக்குக் கணக்கு.

100 கிராம் குலா மலாக்காவை உடைத்து, 100 மில்லி தண்ணீர், முடிச்சுப் போட்ட ஒரு பாண்டான் இலை, ஒரு சிட்டிகை உப்போடு சின்னத் தீயில் ஐந்தாறு நிமிடம் காய்ச்சி வடிகட்டுங்கள். வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் சாதாரண வெள்ளைச் சீனிதான் முதல் ஆளாக நிற்கும்.

புகையைச் சோடாவுக்குப் போட்டுப் பயனில்லை. புகையின் வாசனைக்குக் காரணமான பினால் வகைச் சேர்மங்கள் தண்ணீரைவிடக் கொழுப்பில் நன்றாகத் தங்கும். ஆகவே பாலுக்குத்தான் புகை. 150 மில்லி எவாபரேட்டட் பாலை அகலமான எவர்சில்வர் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர வைத்து, ஒரு பெரிய சட்டிக்குள் வையுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம். அதில் நன்றாகக் கனிந்த சிரட்டைக் கரித்துண்டு ஒன்று. மேலே இரண்டு நகம் அளவு பட்டை. புகை எழுந்ததும் சட்டியை மூடி நாலு நிமிடம். திறந்து, பாலைக் கிளறி, இன்னொரு முறை. அவ்வளவுதான், பேராசைப்பட்டால் கசக்கும். வடநாட்டில் பருப்புக்கும் பிரியாணிக்கும் கரியின் மேல் நெய் ஊற்றிப் புகை போடுவார்கள். இங்கே நெய் வேண்டாம், சோடாவின் மேல் எண்ணெய்ப் படலம் நிற்கும்.

சிரட்டைக் கரி கிடைக்காவிட்டால் நம்ம பேராக்கின் கோல செபத்தாங் காண்டாமரக் கரி இருக்கிறது. மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரத்தைக் குடிசை மாதிரியான சூளைகளில் சுட்டு எடுக்கும் அந்தக் கரியில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகிறது. நமக்கு ஒரு துண்டு போதும். எண்ணெய் தடவி உடனே பற்றிக்கொள்ளும் பார்பெக்யூ கரியைத் தொடவே தொடாதீர்கள். பிளாஸ்டிக் கிண்ணமும் கூடாது. கரி வேலையை அஞ்சடியிலோ கொல்லையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மூடின அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாமல் ஆளை விழுத்தும்.

இனிச் சேர்ப்பது. கிளாஸில் ஐஸ், இரண்டு மேசைக்கரண்டி பாகு, அதன் மேல் நன்றாகக் குளிர்ந்த சோடா 150 மில்லி, ஓரமாகச் சாய்த்து. கடைசியாக இரண்டு மேசைக்கரண்டி புகைப் பால், கரண்டியின் முதுகு வழியாக மெதுவாக. அவசரப்பட்டால் நுரை பொங்கி மேசைக்கு வரும். வெனிலா போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அசல் வெனிலா சாற்றில் சாராயச் சத்து பொதுவாக 35 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். சில துளிதான் என்றாலும், குடியை விட்டவருக்குத் தருகிற கிளாஸில் எனக்கு அது வேண்டாம். புட்டியைத் திருப்பிப் பார்த்து ஆல்கஹால் இல்லாததாக வாங்குங்கள். வீட்டில் இஞ்சியையும் சீனியையும் புளிக்க வைத்துச் செய்யும் சோடாவும் இதற்கு ஒத்துவராது, புளிப்பு என்றாலே கொஞ்சம் ஆல்கஹால் உண்டு.

சீனியையும் மறக்கவில்லை. 2019இன் தேசியச் சுகாதார ஆய்வு, இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு என்றது. சீனி நோய் இருப்பவர்களுக்குப் பாகைப் பாதியாக்குங்கள், ஒரு கிளாஸோடு நிறுத்துங்கள்.

எல்லாம் சரியாக வந்த அன்றைக்கு நான் ஒரு தப்புச் செய்தேன். அழகாக இருக்கட்டும் என்று அப்பாவின் அலமாரியிலிருந்த கனமான விஸ்கி கிளாஸை எடுத்து, பெரிய ஐஸ் கட்டி ஒன்று போட்டு, புகை மணக்கப் பெரியப்பா முன் வைத்தேன். எடுத்தார். முகர்ந்தார். கீழே வைத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கும் போல. ஆனா வேணாம் பாப்பா. இந்தக் கிளாஸு கையில ஏறினா கை பழைய கணக்கு போடுது."

எழுந்து வெளியே போய்விட்டார். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. சாராயம் இல்லாத சாராயம் ஒன்றைச் செய்து அவர் முன்னால் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் என்ன விரும்புவார் என்று அவரையே கேட்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தினமும் நாலு மணி நேரம் நேயர்களிடம் கருத்துக் கேட்கிறவள் நான்.

அடுத்த முறை கேட்டேன். இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, மங்கில் கொடுக்க வேண்டும்; அந்தக் காலத்தில் தோட்டத்தில் பசியாறும்போது தேத்தண்ணி குடித்த அந்தப் பழைய எனாமல் மங்கு. இரண்டு, அவருக்கு மட்டும் தனியாகக் கூடாது. கூடாரத்தில் இருக்கும் எல்லாருக்கும் ஒரு சுற்று வர வேண்டும்.

போன தீபாவளிக்கு அப்படித்தான் செய்தோம். கரி மூட்டுகிற வேலையைப் பெரியப்பாவே எடுத்துக்கொண்டார். மூடியைத் திறந்து புகையின் நிறத்தைப் பார்த்து, "இப்ப போதும்" என்று கடிகாரம் இல்லாமலே சொன்னார். சித்தப்பா ஒரு மங்கு குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அப்புறம் ஐஸ் பெட்டிக்கும் போனார், அதை மறைப்பானேன். பெரியப்பா அன்று மாலை நாலரை மணி வரை இருந்தார். ஸ்மோக் அவுஸில் ஒரு ராத்திரி சீட்டு தீப்பிடித்த கதையை மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

கிளம்பும்போது மங்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அடுத்த வருசம் புகையக் கொஞ்சம் கொறச்சுக்க பாப்பா. மூணாம் நம்பர் சீட்டு மாதிரி இருக்கு. ஒண்ணாம் நம்பர் எப்படி எடுக்கிறதுன்னு நான் காட்டுறேன்."