பராமரிக்கும் தாய்மாரையும் கணக்கிலெடுக்க வேண்டும்

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று 1987 ஆம் ஆண்டு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2004 ஆம் ஆண்டு தொடக்கம் அதற்கான மருந்துகளை அரசாங்கம் இலவசமாக வழங்கி வருகின்றது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடென 2019 ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனமும் எமது நாட்டை அங்கீகரித்தது. இவை பாராட்டுக்குரியவை. ஆயினும், மருந்தை நாள் தவறாமல் உட்கொள்ள வைப்பவர் யார் என்ற கேள்வி எழுப்பப்படுவதே இல்லை.

தாய்லாந்தில் மருந்து பரவலாகக் கிடைக்காத காலத்தில் எயிட்ஸினால் இறந்த வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், இறுதிக் காலத்தைப் பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ கழித்ததாக ஆய்வுகள் தெரிவித்தன. பராமரித்தவர்களில் அநேகர் தாய்மாரே.

இலங்கையில் தொற்றாளர் தொகை குறைவு. அதனாலேயே பராமரிப்பவரின் சுமையும் வெளியே தெரிவதில்லை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களில் இளையோர் கொழும்புக்கும் மத்திய கிழக்கிற்கும் சென்றுவிட, லயன்களில் எஞ்சியிருப்போர் முதியவர்களும் சிறுவர்களுமே. ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்தவளுக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. மொத்தமாகக் கிடைக்கும் சேமலாப நிதியோ கடனுக்கும் மகளின் கல்யாணத்திற்கும் போய்விடுகின்றது. நோயுற்ற மகனோ மகளோ திரும்பி வந்தால் அந்தச் சுமையும் அவள் தலையில்தான். பதுளைக்குச் சென்றுவர ஒரு நாள் முழுவதும் போய்விடும். பஸ் கட்டணத்தோடு, எங்கே போனாய் என்று கேட்கும் அயலாருக்குச் சொல்ல ஒரு பொய்யும் வேண்டும். ஒரு சுவர் மட்டுமே பிரிக்கும் லயன் அறையில் மருந்துப் போத்தலை மறைப்பதே பெரும்பாடு.

அவளது அச்சம் வீணானதன்று. 2016 ஆம் ஆண்டு குளியாப்பிட்டியில் வெறும் வதந்தியை நம்பி ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்க்கவிடாது பெற்றோர் தடுத்தனர். பின்னர் கண்டி திரித்துவக் கல்லூரியே அவனை ஏற்றுக்கொண்டது.

ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, உடுப்பைத் துவைப்பதாலோ இது தொற்றாது. ஒழுங்காக மருந்தெடுத்து வைரஸ் கட்டுப்பட்டவரிடமிருந்து உடலுறவு மூலமும் தொற்றுவதில்லை. இதனை அந்த மூதாட்டிக்குத் தமிழில், அவளுக்கு விளங்கும் பேச்சில் எடுத்துரைக்க வேண்டும். ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இதில் சுகாதாரத் துறைக்குத் தோள்கொடுக்கலாம். நிலைமை சீராக உள்ளவர்களுக்குச் சில மாதங்களுக்கான மருந்தை ஒரே தடவையில் கொடுத்தால் பயணங்களும் குறையும்.

பராமரிப்பாளருக்கென ஒரு கொடுப்பனவும் அவசியம். ஆனால் பிரதேச செயலகத்தின் விண்ணப்பத்தில் நோயின் பெயரை எழுதச் சொன்னால் அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். நீண்டகாலப் பராமரிப்பு தேவை என்ற வைத்தியரின் ஒற்றை வரிச் சான்று அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.