வெள்ளிக்கு என்ன வாழ்த்து?

2018 மார்ச் கடைசியை எங்கள் ஆபீஸில் இன்னும் பெருமூச்சோடு பேசுவார்கள். வியாழன் மகாவீர் ஜெயந்தி, வெள்ளி 'குட் ஃப்ரைடே', அப்புறம் சனி, ஞாயிறு. முழுசாக நாலு நாள்! (பாங்க்காரர்கள் மன்னிக்கவும். உங்களுக்கு 31-ம் தேதி கணக்கு முடிக்கிற தலைவலி.) பாதிப் பேர் ஏற்காடு, பாண்டிச்சேரி என்று கம்பி நீட்ட, நான் தி.நகருக்கு குக்கர் வாங்கக் கிளம்பினேன்.

கிளம்பும்போது ஒரு நல்ல காரியம் செய்தேன். பக்கத்து சீட் நண்பர் கிறிஸ்தவர், சாந்தோம்வாசி. அவருக்கு வாட்ஸ்அப்பில் 'ஹாப்பி குட் ஃப்ரைடே' தட்டிவிட்டேன். ரோஜாப்பூ, புறா, ஜிகினா எல்லாம் உள்ள படம். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ரங்கநாதன் தெருவில் வழக்கமான தள்ளுமுள்ளு. அந்தத் தெருவுக்கு தீபாவளி தெரியும், ஆடித் தள்ளுபடி தெரியும். துக்கமெல்லாம் தெரியாது. குக்கரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகத் தப்பித்து மயிலாப்பூர் வந்தால், வீட்டில் மனைவி (கான்வென்ட் படிப்பு) தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏசு சிலுவையில உயிரை விட்ட நாளுங்க அது. ஹாப்பின்னா அனுப்பினீங்க?"

திவச வீட்டுக்குப் போய் 'மெனி மோர் ரிட்டர்ன்ஸ்' சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதைவிடச் சங்கடம், என் அப்பா திதி எப்போது வருகிறது என்று வருஷா வருஷம் ஞாபகம் வைத்திருந்து, "லீவ் லெட்டர் கொடுத்தாச்சா சார்?" என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

'குட்'தான் காலை வாரிவிட்டது. அந்தக் கால இங்கிலீஷில் அதற்குப் 'புனித' என்றும் அர்த்தமாம். தமிழில் புனித வெள்ளி, பெரிய வெள்ளி என்று சரியாகவே வைத்திருக்கிறோம். ஜெர்மன்காரர்கள் ஒளிவுமறைவில்லாமல் 'துக்க வெள்ளி' என்றே பெயர் வைத்து, பல மாநிலங்களில் அன்றைக்குப் பொது இடத்தில் டான்ஸ் ஆடவே தடை போட்டிருக்கிறார்கள். நமக்குக் காலண்டரில் சிவப்பு மை போதும்.

குக்கரைக் கீழே வைக்காமலே சாந்தோமுக்கு நடந்தேன். மாடவீதியில் கால் வைக்க இடமில்லை. அன்றைக்குப் பங்குனி உத்திரமும்கூட! கபாலீசுவரர் கோயிலில் திருக்கல்யாணம். மார்ச் 21-லிருந்து வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்கு முந்தின வெள்ளிதான் இது. பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தான். ஒரே நிலாவைப் பார்த்து இரண்டு கணக்கு. அந்த வருஷம் மார்ச் 30-ல் இரண்டும் மோதிக்கொண்டன. இந்தப் பக்கம் நாதஸ்வரம், மல்லிகைப்பூ, பலூன்காரர். கச்சேரி ரோடு வழியாகப் பதினைந்து நிமிஷம் நடந்தால், அந்தப் பக்கம் சாவு.

சாந்தோம் கோயிலில் அவ்வளவு கூட்டத்திலும் பேச்சில்லை. முந்தின நாள் இரவிலிருந்தே மணி அடிப்பதில்லையாம். மரக்கட்டையால் 'டக் டக்' என்று தட்டுகிறார்கள். பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை. வீடு காலி செய்த மாதிரி இருந்தது. வருஷத்தில் அன்றைக்கு மட்டும் திருப்பலியே கிடையாதாம். செருப்பில்லாமல் வரிசையில் போய்ச் சிலுவைப் பாதத்தை முத்தமிட்டுவிட்டு நகர்கிறார்கள். முன்னால் போன ஒரு பாட்டி, பெற்ற பிள்ளையின் காலைத் தொடுவதுபோல் தொட்டாள். வெளியே சாந்தோம் ஹைரோட்டில் பஸ் ஹாரன்.

நண்பர் வெளியே வந்தார். காலையிலிருந்து தண்ணீர்தான் போலிருக்கிறது, முகம் வாடியிருந்தது.

"சார், அந்த மெசேஜ்... தெரியாம..."

"விடுங்க சார். இன்னிக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிட்டாங்க. ஒருத்தர் கேக் எங்கன்னு கேட்டார்."

"இப்ப என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். ஞாயித்துக்கெழம சொல்லுங்க, வாங்கிக்கறேன்." என் கையைப் பார்த்தார். "எத்தனை லிட்டர்?"

"அஞ்சு."

"மூணே போதுமே சார், ரெண்டு பேருக்கு" என்றார்.