கல்லுக்கு வேறு வழியில் வந்தவர்கள்

இந்த இதழிலிருந்து நேர்காணல் தொடர் ஒன்றைத் தொடங்குகிறோம். கல்வெட்டியலை முறையாகப் பட்டத்துக்குப் படிக்காமல், வேறொரு தொழிலில் காலூன்றி, அங்கிருந்து கல்வெட்டுக்கும் காசுக்கும் பானையோட்டுக்கும் வந்து சேர்ந்தவர்களுடன் நடத்தும் உரையாடல்கள் இவை. புதிய கல்வெட்டுப் பாடங்கள் அச்சேறக் காத்திருக்கும்போது இதற்கு இத்தனை பக்கம் தரவேண்டுமா என்று ஆசிரியர் குழுவிலேயே கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். அதனால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

நாம் அன்றாடம் கையாளும் பிராமி எழுத்திலிருந்தே தொடங்கலாம். 1837இல் அதைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்புக்கு எழுத்தாராய்ச்சி தொழில் அல்ல. முதலில் காசியிலும் பிறகு கல்கத்தாவிலும் நாணயச் சாலையில் உலோகத்தின் மாற்றுப் பார்த்த அதிகாரி அவர். சாஞ்சித் தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியிலிருந்து படியெடுத்த சின்னஞ்சிறு கல்வெட்டுகள் அவர் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஒரு வரி. ஒவ்வொன்றும் தனித்தனிக் கல்லில் இருந்தது. ஆனால் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்தில் முடிந்தன. இவ்வளவு சுருக்கமாகவும் தனித்தனியாகவும் இருப்பதால் இவை நீண்ட வாசகம் ஒன்றின் துண்டுகளாக இருக்க முடியாது. இறந்தோர் நினைவுக் குறிப்பாகவோ, அடியார்கள் கொடுத்த கொடையின் குறிப்பாகவோதான் இருக்கவேண்டும் என்று அவர் நினைத்தார். கொடை என்றால் கடைசிச் சொல் ‘தானம்’. அந்தச் சொல்லுக்கு முன்னால் நின்ற எழுத்தோ, சௌராட்டிரக் காசுகளில் ஆறாம் வேற்றுமை உருபு என்று அவர் ஏற்கெனவே கண்டுகொண்ட எழுத்து. இன்னாருடைய தானம். பூட்டு திறந்துவிட்டது.

பிரின்செப்புக்கு முன்பே வடமொழியும் பாலியும் கற்ற அறிஞர்கள் இந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரே அச்சில் வந்த காசுகளை அடுக்கிவைத்து, எந்தக் குறி எந்த இடத்தில் திரும்ப வருகிறது என்று பார்க்கும் கண் அவருக்கு நாணயச் சாலையில் பழகிய கண் என்றே நாங்கள் கருதுகிறோம். மொழியறிவு அவருக்குக் குறைவு. அதைப் பண்டிதர்களிடம் கேட்டுப் பெற்றார். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் வாசிப்பு நிகழ்ந்தது.

இன்னொரு பகுதியை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எழுத்தைப் படித்தாயிற்று, கல்வெட்டில் பேசும் பியதசி யார்? இலங்கை மன்னன் தேவானம்பிய தீசனாக இருக்கலாம் என்றுதான் பிரின்செப் முதலில் எண்ணினார். அதைத் திருத்தியவர் இலங்கையில் அரசாங்க அதிகாரியாக இருந்த ஜார்ஜ் டர்னர். பாலி கற்று மகாவம்சத்தை மொழிபெயர்த்தவர். பியதசி என்பது அசோகனின் பெயர் என்பதைத் தீபவம்சத்திலிருந்து எடுத்துக் காட்டினார். கல்கத்தாவில் நாணய அதிகாரி ஒருவர், இலங்கையில் நிர்வாக அதிகாரி ஒருவர். இருவருக்கும் இடையே போய்வந்த கடிதங்களே அன்றைய உரையாடல். மௌரியப் பேரரசன் ஒருவனுடைய பெயர் அவன் கல்வெட்டுகளோடு பொருந்தியது அந்த உரையாடலால்தான். நேர்காணலுக்கு நாங்கள் பக்கம் ஒதுக்குவதற்கு இதைவிட நல்ல காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

நம் ஊருக்கு வருவோம். குகைத்தளங்களில் உள்ள பிராமிக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டிவிட்டார். ஆனாலும் வாசிப்பு சீராகவில்லை. மெய்யின் மேல் ஆகாரக் கோடு இருந்தால் அது நெடிலா, குறிலா? கோடே இல்லாத எழுத்து அகரம் ஏறியதா, புள்ளியில்லாத வெறும் மெய்யா? ஒரு கல்லை மட்டும் எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. கிடைத்த கல்வெட்டுகள் அத்தனையையும் ஒன்றாக வைத்து, எங்கே எந்த முறை செல்கிறது என்று பிரித்து, அந்த முறைகளைக் காலவரிசையில் நிறுத்தவேண்டும். ஐராவதம் மகாதேவன் செய்தது அதைத்தான். கரூருக்கு அருகே புகளூரில் மூன்று தலைமுறைச் சேர மரபினரின் பெயர்களை அவர் படித்துக் காட்டியதும், அது பதிற்றுப்பத்தின் இரும்பொறை மரபோடு இசைந்ததும் நம் எல்லோருக்கும் தெரியும்.

1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர் அவர். 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியர். 1966இல் சென்னைக் கருத்தரங்கில் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளின் தொகுப்பை முன்வைத்தார். பிறகு மீண்டும் குகைகளுக்குப் போய், கல்லிலிருந்தே நேரடியாக வரைபடி எடுத்து, தம்முடைய பழைய வாசிப்புகளையே பல இடங்களில் மாற்றி, 2003இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் க்ரியாவும் சேர்ந்து வெளியிட்ட பெருநூலாகத் தந்தார். இடையில் 1977இல் சிந்துவெளிக் குறிகளுக்கான தொடரடைவு வந்தது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி உதவியோடு, 417 குறிகளும் எந்தெந்த முத்திரையில் எந்தெந்த இடத்தில் வருகின்றன என்று அடுக்கிய நூல் அது. இந்த நூல்களைப் புரட்டும்போது நல்ல கோப்பு ஒன்றைப் பார்ப்பதுபோல் இருக்கும். முன்னால் வந்தவர் என்ன சொன்னார், அதில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை, ஏன் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். அவருக்குப் பின்னால் வருபவர் அவரை மறுக்க வேண்டுமானால் அதற்கான சான்றும் அதே பக்கத்தில் இருக்கும். அந்த ஒழுங்கில் பாதி, அரசு அலுவலகத்தில் குறிப்பெழுதிப் பழகிய கையிலிருந்து வந்தது என்பது எங்கள் கணிப்பு.

சிந்துவெளித் தொடரடைவின் கதை அவரோடு நிற்கவில்லை. கணினி அறிவியலாளர் ராஜேஷ் ராவ், வானியற்பியலாளர் மயங்க் வாஹியா உள்ளிட்ட குழுவினர் 2009இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அந்தத் தரவின் மேல்தான் நின்றது. குறிகளின் வரிசையில் மொழிக்குரிய ஒழுங்கு தெரிகிறது என்றார்கள் அவர்கள். கணினி மொழியியலாளர் ரிச்சர்டு ஸ்ப்ரோட் அந்த அளவுகோலையே ஏற்கவில்லை. விவாதம் முடியவில்லை. ஆனால் விவாதிக்கத்தக்க வடிவில் தரவு இருந்தது என்பதே பெரிய செய்தி.

தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியைப் பற்றி நம் துறையில் போதுமான அளவு பேசவில்லை என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு. புள்ளியியல் பேராசிரியர். ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் 1974இல் கோலங்களுக்கு வடிவ இலக்கணம் வகுத்தார். மாமல்லபுரச் சிற்பங்களின் உறுப்புகளை அளந்தார். அச்சிட்ட தமிழ் எழுத்தையும் பழைய பிராமி எழுத்தையும் கணினி அடையாளம் காணும் வழியைத் தேடினார். அவர் தொட்ட எல்லாவற்றிலும் ஒரே கேள்வி ஓடுகிறது: கண்ணுக்குத் தெரிகிற இந்த வேறுபாடு உண்மையானதா, தற்செயலா? எழுத்தமைதியை வைத்துக் காலம் கணிக்கும் நாம் ஒவ்வொருவரும் தினமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. ‘எழுத்தமைதியால் கி.பி. 9ஆம் நூற்றாண்டு’ என்று எழுதுகிறோம். எத்தனை எழுத்தை, எந்த அளவால், எதோடு ஒப்பிட்டோம் என்று எத்தனை பேர் எழுதுகிறோம்? சிரோமணி 1988இல் மறைந்துவிட்டார். அவருடைய கட்டுரைகளில் முறையும் முடிவும் இருக்கின்றன. கல்லூரியில் புள்ளியியல் நடத்திவிட்டு வந்தவருக்குச் சிற்பத்தின் முன் நிற்கும்போது முதலில் என்ன உறுத்தியது என்பதைச் சொல்ல ஆய்வுக் கட்டுரையில் இடமில்லை. அந்த இடத்தை நேர்காணல்தான் தரமுடியும்.

பெருவழுதி என்று பொறித்த பாண்டியர் காசைப் படித்த இரா. கிருஷ்ணமூர்த்தி தினமலர் ஆசிரியராக இருந்தவர். திருச்சியில் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தை நடத்தி, கோயில் கோயிலாகக் கல்வெட்டுப் படித்துவரும் இரா. கலைக்கோவன் கண் மருத்துவர். இப்படிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

வெளியிலிருந்து வருகிற எல்லோரையும் வரவேற்றுவிட முடியாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சிந்துவெளி எழுத்தை முழுதும் படித்துவிட்டதாக நமக்கு வரும் கைப்பிரதிகள் ஒவ்வொரு ஆண்டும் குவிகின்றன. ஒரு முத்திரையில் ‘மீன்’ என்று படித்த குறியை அடுத்த முத்திரையில் வேறாகப் படித்திருப்பார்கள். அதற்கு விதி இருக்காது. இவர்களையும் மேலே சொன்னவர்களையும் பிரிப்பது பட்டமல்ல, தம் வாசிப்பு பிழையானால் அது பிழை என்று எப்படித் தெரியவரும் என்பதற்கு அவர்களிடம் விடை இருக்கிறதா என்பதுதான். ஆகவே இந்தத் தொடரில் ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்கவிருக்கும் கேள்வி அதுவே: நீங்கள் மாற்றிக்கொண்ட வாசிப்பு எது, மாற்றவைத்தது எது?

விருதுகளைப் பற்றியும் இளமைக் கால வறுமையைப் பற்றியும் இந்த நேர்காணல்களில் அதிகம் இருக்காது. முந்தைய தொழிலைப் பற்றி நிறைய இருக்கும். நில அளவையாளராக இருந்தவரிடம் குழியும் வேலியும் அளவுகோலும் பற்றிக் கேட்போம். கொல்லரிடம் உளி கருங்கல்லில் எந்தக் கோணத்தில் இறங்கும் என்று கேட்போம். அப்படி ஒருவர் சொல்லும் ஒரு வாக்கியத்தால், ‘கல் சிதைந்தது’ என்று நாம் அடைப்புக்குறி போட்டுவிட்டு வந்த இடத்தில் இரண்டு எழுத்து மீளலாம். உரையாடலை மைப்படியை விரித்துவைத்துக்கொண்டு நடத்துவதே எங்கள் விருப்பம். முடிந்தால் கல்லின் முன்னாலேயே. பொருள் எதிரில் இருந்தால் பேச்சு தானாக வேலையைப் பற்றித் திரும்பிவிடும்.

கேட்பவரும் தயாராகப் போகவேண்டும். எதிரில் இருப்பவரின் பழைய துறையில் குறைந்தது ஒரு நூலையாவது படித்துவிட்டுப் போகவேண்டும் என்று எங்கள் நேர்காணலாளர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். புள்ளியியலாளரிடம் போய் மாதிரி என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தால் அவருடைய நேரம் வீண்.

ஐராவதம் மகாதேவன் 2018 நவம்பரில் மறைந்தார், கிருஷ்ணமூர்த்தி 2021இல். அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் பலர் முதுமையில் இருக்கிறார்கள். பெயர் வெளியே தெரியாதவர்களே அதிகம்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள், கோயில் திருப்பணிக்கு வந்து கல்வெட்டில் சிக்கிக்கொண்ட தபதிகள். அவர்களை உங்கள் மாவட்டத்தில் உங்களுக்குத்தான் தெரியும். அவர்களுடைய ஒப்புதலைக் கேட்டு, அவர்கள் செய்த பணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். நீங்களே நேர்காணல் செய்ய முடிந்தால் செய்யுங்கள். ஒலிப்பதிவின் ஒரு படியை அருகில் உள்ள கல்லூரி நூலகத்திலோ ஆய்வு நூலகத்திலோ சேர்த்துவிடுங்கள். அடுத்த இதழுக்கான நேர்காணல்களை இப்போதே திட்டமிடுகிறோம், தாமதிக்க வேண்டாம்.